ஏழு படங்களை ஒன்றாக்க எந்த மென்பொருள்?

"அப்பா, அந்த ஜன்னலை யாரோ வெட்டி ஒட்டி வச்ச மாதிரி இருக்கு."

என் மகள் இதைச் சொன்னபோது அந்தப் படத்தோடு நான் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி முடித்திருந்தேன். கட்டடங்களின் உட்புறத்தைப் படமெடுப்பது என் தொழில். இருட்டான ஓர் அறை, நடுவில் மர நாற்காலி, அதன் பின்னால் திறந்த ஜன்னல், வெளியே நடுப்பகல் வெயிலில் ஒரு மரம். அறையும் தெரிய வேண்டும், மரமும் தெரிய வேண்டும். அதற்காக வெவ்வேறு எக்ஸ்போஷரில், அதாவது வெவ்வேறு அளவு வெளிச்சம் விழும்படி, ஏழு படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றாக இணைக்கும் ஒரு எச்டிஆர் மென்பொருளில் போட்டு, ஸ்லைடர்களை இழுத்து ஒருவழியாக எல்லாவற்றையும் தெரிய வைத்திருந்தேன். நாற்காலியின் மர ரேகை தெரிந்தது. மரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஆனாலும் மகள் சொன்னது உண்மைதான். ஜன்னல் அந்த அறையைச் சேர்ந்ததாகவே இல்லை.

ஏன் என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கர்சரை வைத்து எண்களைப் பார்த்தேன். கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில், ஜன்னலை ஒட்டிய உட்சுவரின் ஒளி அளவு 190. வெளியே வெயில் பட்ட இலையின் அளவு 150. நேரில் நின்று பார்த்தால் அந்த இலை சுவரைவிடப் பல மடங்கு பிரகாசமாக இருந்தது. படத்திலோ சுவரைவிட மங்கிப் போயிருந்தது. எது அதிக வெளிச்சம், எது குறைவு என்ற வரிசையை மென்பொருள் தலைகீழாக்கிவிட்டது. கண்ணுக்கு அந்த வரிசை பிறந்ததிலிருந்து பழக்கம். புகைப்படக்கலையில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவருக்கும் அது கெட்டால் உறுத்தும்.

அதன் பிறகு எச்டிஆர் மென்பொருளை நான் எடைபோடும் விதமே மாறிவிட்டது. எத்தனை ஆயத்த ஸ்டைல்கள் இருக்கின்றன, முதல் சொடுக்கில் படம் எவ்வளவு பளபளக்கிறது என்று பார்ப்பதை விட்டேன். வெளிச்சத்தின் வரிசையைக் கெடுக்காமல் படங்களை இணைக்கிறதா, இணைத்த பிறகு நான் தொடர்ந்து வேலை செய்ய ஒரு நல்ல கோப்பைக் கையில் கொடுக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். சில மாதங்களாக, கையில் கிடைத்த மென்பொருள்கள் எல்லாவற்றிலும் ஒரே மூன்று தொகுப்புகளைப் போட்டுப் பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தொகுப்பு அந்த ஜன்னல் அறைதான். எஃப்/8, ஐஎஸ்ஓ 100, கேமரா முக்காலியில். மரத்துக்குப் பின்னால் வெயில் அடித்த வெள்ளைச் சுவரை ஸ்பாட் மீட்டரில் அளந்தால் 1/1000 விநாடி காட்டியது. அலமாரிக்கு அடியில் அளந்தால் 30 விநாடி. ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சம் இரட்டிப்பாவது என்பதால் இரண்டுக்கும் இடையில் 15 ஸ்டாப். இன்றைய நல்ல முழு ஃபிரேம் சென்சார் ஒரே படத்தில் சுமார் 14 ஸ்டாப் வரை பிடிக்கும் என்கிறார்கள். அதிலும் அடிமட்டத்து இரண்டு மூன்று ஸ்டாப்பில் நாய்ஸ் என்னும் புள்ளிப்புள்ளியான கறைதான் அதிகம். அதனால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் 1/1000, 1/250, 1/60, 1/15, 1/4, 1 விநாடி, 4 விநாடி என்று ஏழு படங்கள். போதாததற்கு ஒரு மெல்லிய திரைச்சீலை காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது, கடற்கரையில் சூரியன் மறையும் நேரம். 1/250, 1/60, 1/15 என்று மூன்றே படங்கள். ஆனால் அலை எதிலும் ஒரே இடத்தில் இல்லை. மூன்றாவது, மேலே கண்ணாடிக் கூரையும் கீழே இருட்டும் உள்ள ஒரு சுழல் படிக்கட்டு. அங்கே முக்காலிக்கு இடமில்லை. ஐஎஸ்ஓ 800 வைத்துக் கையிலேயே பிடித்து 1/200, 1/50, 1/13. ஆக, அசையும் பொருள், அசையும் கேமரா, அளவுக்கு மீறிய வெளிச்ச வித்தியாசம் என்று ஒரு மென்பொருளைத் திணறடிக்க வேண்டிய மூன்றும் இதில் வந்துவிட்டன. நீங்களும் மென்பொருள் தேடுவதானால் உங்கள் கையில் இருப்பதிலேயே கஷ்டமான படங்களை எடுத்துப் போடுங்கள். தயாரிப்பாளர்கள் கூடவே தரும் மாதிரிப் படங்களில் எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் இருக்கும்.

மென்பொருள்களுக்குப் போகும் முன் ஒரு விஷயம். பல படங்களுக்கு இந்த வேலையே தேவையில்லை. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் 14 பிட் என்றால் ஒரு புள்ளிக்கு 16,384 படிநிலைகள். 8 பிட் ஜேபெக்கில் 256தான். வெளிச்சமான பகுதி வெளுத்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து ஒரே ஒரு ரா எடுத்து, நிழலைத் தூக்கிப் பாருங்கள். நாய்ஸ் தாங்கும் அளவில் இருந்தால் அதோடு விட்டுவிடலாம். என் பழைய தொகுப்புகளைத் திரும்பப் பார்த்தபோது, பாதிக்கு மேல் ஒற்றை ராவிலேயே முடித்திருக்கலாம் என்று தெரிந்தது. எதுவும் அசையாத, ஆவி (அசைந்த பொருள் பாதி ஊடுருவித் தெரிவது) பிடிக்காத அந்த ஒற்றைப் படத்துக்கு எந்த இணைப்பும் ஈடாகாது.

சரி, இணைத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்திருப்பது நல்லது. ஏனென்றால் எல்லா மென்பொருளும் "எச்டிஆர்" என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு வேலைகளைச் செய்கின்றன.

முதல் வகை, எல்லாப் படங்களிலிருந்தும் அந்தக் காட்சியில் உண்மையில் இருந்த வெளிச்சத்தைக் கணக்கிட்டு, மிதவைப் புள்ளி எண்களில் (மிகச் சிறிய அளவையும் மிகப் பெரிய அளவையும் சேர்த்துப் பதியக்கூடிய தசம எண்கள்) ஒரு கோப்பு செய்வது. 1995இல் ஸ்டீவ் மேனும் ரோசலிண்ட் பிக்கார்டும், 1997இல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் எழுதிய ஆய்வுகளிலிருந்து வளர்ந்த வழி இது. அந்தக் கோப்பு அப்படியே சாதாரணத் திரையில் அடங்காது. அதனால் டோன் மேப்பிங் என்ற இரண்டாவது படி வருகிறது. அந்தப் பெரிய வீச்சை, திரையும் காகிதமும் காட்டக்கூடிய சின்ன வீச்சுக்குள் மடக்குவது. என் ஜன்னல் கெட்டுப்போனது இந்த இரண்டாவது படியில்தான். ஒவ்வொரு சின்னப் பகுதியிலும் தனித்தனியாக கான்ட்ராஸ்டைக் கூட்டும்போது பகுதிகளுக்கு இடையே உள்ள உறவு குலைந்துவிடுகிறது. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஒரு வெளிறிய வளையமும் வருகிறது. ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் இருந்த, வானம் கறுத்து மேகமெல்லாம் அழுக்குப் பஞ்சு போலத் தெரியும் படங்கள் அப்படி வந்தவைதான்.

இன்னொரு வகை எக்ஸ்போஷர் ஃப்யூஷன். 2007இல் மெர்டென்ஸ், கவுட்ஸ், வான் ரீத் மூவரும் முன்வைத்தது. இதில் இடைக் கோப்பு எதுவும் கிடையாது. ஒவ்வொரு இடத்திலும் எந்தப் படத்தில் விவரம் தெளிவு, எதில் நிறம் செழிப்பு, எது ரொம்பக் கறுக்காமலும் ரொம்ப வெளுக்காமலும் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் படத்துக்கு அங்கே அதிக எடை கொடுத்துக் கலந்துவிடுவது. பெரும்பாலும் இயல்பான படம் வரும். ஆனால் இதிலும் வரிசை கெட வாய்ப்பு உண்டு. ஜன்னலுக்கு இருண்ட படத்திலிருந்தும் சுவருக்கு வெளிச்சமான படத்திலிருந்தும் எடுத்து இரண்டையும் நடுத்தர அளவுக்குக் கொண்டுவந்தால் உள்ளும் வெளியும் சமமாகிவிடும். இதற்கு நான் கண்ட மருந்து எளிது. ஏழு படங்களையும் கொடுக்காதீர்கள். 1/1000ஐ எடுத்துவிட்டு மீதி ஆறை மட்டும் கொடுத்தேன். வெளியே இருந்த வெள்ளைச் சுவர் லேசாக வெளுத்தது, மரம் உள்சுவரைவிட ஒரு படி பிரகாசமாக நின்றது, ஜன்னல் அறையோடு சேர்ந்துகொண்டது. எந்த ஸ்லைடரையும் தொடாமல் ஒரு படத்தைக் கழித்ததாலேயே நடந்தது இது.

லைட்ரூமிலிருந்து ஆரம்பிக்கிறேன். பலர் கையில் ஏற்கெனவே இருப்பது. 2015இல் இதில் எச்டிஆர் இணைப்பு வந்தது. ராக்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் ஒரு சின்னச் சன்னல் திறக்கும். அதில் தேர்வுகள் ரொம்பக் குறைவு: தானாக ஒழுங்கமைப்பது, தானியங்கி அமைப்பு, ஆவி நீக்கம் வேண்டாம், குறைவு, நடுத்தரம், அதிகம். அவ்வளவுதான். முதலில் பார்த்தபோது இது என்ன இவ்வளவு மொட்டையாக இருக்கிறது என்று தோன்றியது. இப்போது அதைத்தான் இதன் பலம் என்பேன். ஏனென்றால் இது தோற்றத்தில் கை வைப்பதில்லை. 16 பிட் மிதவைப் புள்ளி டிஎன்ஜி (ரா வகைக் கோப்பு) ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. அதைத் திறந்தால் சாதாரண ராவைப் போலவே இருக்கும். வெள்ளைச் சமநிலையை அப்புறம்கூட மாற்றலாம். எக்ஸ்போஷர் ஸ்லைடர் வழக்கமான ஐந்துக்குப் பதிலாகப் பத்து ஸ்டாப் வரை இரு பக்கமும் ஓடும்.

ஜன்னல் அறையை இதில் இணைத்து, ஹைலைட்டைப் பாதி வரை இறக்கி, நிழலைக் கொஞ்சம் தூக்கி, ஜன்னலுக்கு மட்டும் ஒரு மாஸ்க் போட்டு ஒரு ஸ்டாப் குறைத்தேன். பத்து நிமிட வேலை. இலை சுவரைவிடப் பிரகாசம், சுவர் நாற்காலியைவிடப் பிரகாசம், நாற்காலி அலமாரி நிழலைவிடப் பிரகாசம். வரிசை அப்படியே நின்றது. எவ்வளவு மடக்க வேண்டும் என்பதை நானே முடிவு செய்ததால்தான் அது நின்றது. சந்தா கட்டித்தான் பயன்படுத்த முடியும் என்பது இதை வேண்டாம் என்று சொல்பவர்களின் நியாயமான காரணம். கேப்சர் ஒன் பயன்படுத்துபவர்களுக்கும் 2021 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து இதே பாணியில் டிஎன்ஜி தரும் இணைப்பு இருக்கிறது.

போட்டோஷாப்பில் இந்த வசதி 2005லிருந்தே உண்டு. 32 பிட்டில் இணைத்து, பிறகு கேமரா ரா ஃபில்டரில் திறந்து மடக்கலாம். லைட்ரூம் வந்த பிறகு நான் அந்தப் பக்கம் போவது குறைந்துவிட்டது.

போட்டோமேட்டிக்ஸ் இந்தத் துறையின் மூத்த பிள்ளை. 2003இலிருந்து இருக்கிறது. மேலே சொன்ன அழுக்குப் பஞ்சு மேகங்களை நினைத்தால் பலருக்கும் இதன் டீட்டெய்ல்ஸ் என்ஹான்ஸர் நினைவுக்கு வரும். ஆனால் அது அதன் பல முறைகளில் ஒன்றுதான். அந்தக் காலத்துப் படங்களுக்குக் காரணம் ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளிய கைகள். இதே மென்பொருளில் ஃப்யூஷன் முறைகள் தனியாக உண்டு. கட்டட உட்புறத்துக்கென்றே ஒன்று, வீடு விற்பவர்களின் படங்களுக்கென்று ஒன்று. என் தொழிலுக்கு இது பெரிய உதவி. ஒரே நாளில் முப்பது அறைகள், அறைக்கு ஐந்து படங்கள் என்று வரும்போது ஒவ்வொன்றையும் கையால் மடக்கிக்கொண்டிருக்க முடியாது. ஃபோல்டரைக் காட்டி, ஐந்து ஐந்தாகப் பிரித்துக்கொள் என்று சொல்லிவிட்டால் அடுத்தடுத்து முடித்து வைக்கிறது.

ஆனால் போட்டோமேட்டிக்ஸில் என் மனதைக் கவர்ந்தது ஆவி நீக்கம்தான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

படத்துக்குப் படம் இடம் மாறிய பொருள் இணைத்த படத்தில் பாதி ஊடுருவித் தெரிவதைத்தான் ஆவி என்கிறோம். என் திரைச்சீலை ஏழு படத்தில் ஏழு இடத்தில் இருந்தது. இணைத்தால் அதன் ஓரம் ஏழு மெல்லிய கோடுகளாக விசிறி போல விரிந்தது. தானியங்கி ஆவி நீக்கம் செய்வது இதுதான்: அசைந்த இடம் எது என்று கண்டுபிடித்து, அங்கே மட்டும் எல்லாப் படங்களையும் கலக்காமல் ஏதாவது ஒரே படத்திலிருந்து எடுக்கும். எந்தப் படத்திலிருந்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் சோதித்த ஒரு மென்பொருள், பெயர் வேண்டாம், திரைச்சீலைக்கு 1/250 படத்தை எடுத்துக்கொண்டது. அந்தப் படத்தில் திரைச்சீலையின் மடிப்புகள் கிட்டத்தட்டக் கறுப்பு. அதைத் தூக்கி வெளிச்சமாக்கியதில் மடிப்பு முழுக்க ஊதாவும் பச்சையுமாக நாய்ஸ் பொரிந்துவிட்டது. சுற்றியிருந்த சுவர் வழவழவென்று சுத்தம், திரைச்சீலை மட்டும் உப்புத்தாள் போல. பெரிதாக அச்சிட்டபோதுதான் என் கண்ணில் பட்டது. அந்த அச்சு வீணாயிற்று, வாடிக்கையாளருக்கு ஒரு நாள் தாமதமாயிற்று.

போட்டோமேட்டிக்ஸில் தானியங்கியை விட்டுவிட்டு நானே செய்ய வழி இருக்கிறது. ஆவி தெரியும் இடத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, இதற்கு எந்தப் படம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். திரைச்சீலையைச் சுற்றி வரைந்து 1/15 படத்தைக் கொடுத்தேன். மடிப்புகளில் போதிய வெளிச்சம், நாய்ஸ் இல்லை, ஓரம் ஒரே கோடு. லைட்ரூமில் இப்படித் தேர்ந்தெடுக்க முடியாது. எந்தெந்த இடத்தில் ஆவி நீக்கம் நடந்திருக்கிறது என்று நிறம் பூசிக் காட்டும், அந்த அளவோடு சரி. அதனால் எதுவும் அசையாத அறைக்கு லைட்ரூம், திரைச்சீலையோ செடியோ ஆடும் அறைக்கு போட்டோமேட்டிக்ஸ் என்று பிரித்துக்கொண்டேன். ஒருமுறை உரிமம் வாங்கினால் போதும், சந்தா இல்லை. சோதனைப் பதிப்பு படத்தின் மேல் முத்திரை போடும். ஆனால் அவசரப்படாமல் நம் படங்களை வைத்துப் பார்த்து முடிவெடுக்க அது போதும்.

அஃபினிட்டி போட்டோவிலும் இந்த வேலை நன்றாக நடக்கிறது. 32 பிட் கோப்பாக இணைக்கும். டோன் மேப்பிங்குக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. வேண்டாம் என்றால் இணைக்கும்போதே அதை நிறுத்திவிடலாம், நான் நிறுத்திவிடுவேன். இணைத்த பிறகு மூலப் படங்கள் சோர்சஸ் பேனலில் வரிசையாகக் காத்திருக்கும். ஆவி தெரிந்த இடத்தில் நமக்குப் பிடித்த மூலப் படத்திலிருந்து க்ளோன் பிரஷ்ஷால் பூசிக்கொள்ளலாம். சுற்றிக் கோடு வரைவதைவிட இதில் ஓரங்களைப் பொறுமையாகப் பார்த்துச் செய்ய முடிகிறது. சுழல் படிக்கட்டின் கைப்பிடி, கையில் பிடித்து எடுத்ததால், சில இடங்களில் இரட்டையாக விழுந்திருந்தது. 1/50 படத்தை வைத்துக் கால் மணி நேரம் பூசினேன். கைப்பிடி அடியிலிருந்து உச்சி வரை ஒரே வளைவாக வந்து நின்றபோது கிடைத்த திருப்தியைச் சொல்லி மாளாது.

இலவச மென்பொருள்களில் நான் முதலில் சொல்வது எச்டிஆர்மெர்ஜ். செய்வது ஒரே வேலை: ராக்களை எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் எந்தப் படத்தில் வெளுக்காமல் அதிக வெளிச்சம் விழுந்திருக்கிறதோ அதிலிருந்து எடுத்து, மிதவைப் புள்ளி டிஎன்ஜியாக எழுதுவது. 16, 24, 32 பிட் என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். எந்தப் பகுதி எந்தப் படத்திலிருந்து வருகிறது என்று வண்ணங்களாகப் பிரித்துக் காட்டும். அந்த எல்லைகளைப் பிரஷ்ஷால் நாமே மாற்றவும் முடியும். ஆவிக்கு மருந்து அங்கேயே இருக்கிறது. வந்த டிஎன்ஜியை ராதெரப்பி என்ற இலவச ரா மென்பொருளில் திறந்து, அதிலுள்ள வீச்சு அமுக்கும் கருவியைக் கொஞ்சமாகப் பயன்படுத்தினால், லைட்ரூமில் எனக்கு வந்ததற்குப் பக்கத்திலேயே ஜன்னல் அறை வந்து நின்றது. முக்காலிப் படங்களுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். படிக்கட்டுத் தொகுப்புக்கு இது ஒத்துவரவில்லை, ஏனென்றால் படங்களை மேலே கீழே, இடம் வலம் நகர்த்திப் பொருத்துமே தவிர, கேமரா சாய்ந்திருந்தால் சுழற்றிப் பொருத்தாது.

டார்க்டேபிளிலும் எச்டிஆர் உருவாக்கும் பொத்தான் இருக்கிறது. அது படங்களை ஒழுங்கமைப்பதே இல்லை என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முக்காலி இல்லாவிட்டால் அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம். ஆனால் ஒற்றை ராவை மடக்குவதற்கு அதிலுள்ள ஃபில்மிக் கருவி அருமையானது. பல நேரம் இணைக்கும் வேலையையே மிச்சப்படுத்தும்.

கையில் எடுத்த படிக்கட்டுக்கு இலவசத்தில் வழி ஹுகின்தான். பனோரமா ஒட்டும் மென்பொருள் என்று பெயரெடுத்தது என்றாலும், அதோடு வரும் ஒழுங்கமைக்கும் கருவி சுழற்சியையும் சாய்வையும் சேர்த்துச் சரி செய்கிறது. பிறகு என்ஃப்யூஸ் என்ற கருவி மேலே சொன்ன 2007 ஃப்யூஷன் முறையில் கலந்து தருகிறது. கட்டளை வரியில் எழுதிப் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் மிரட்டலாக இருக்கும். எக்ஸ்போஷர், நிறச் செழிப்பு, கான்ட்ராஸ்ட் என்ற மூன்று எடைகளை மட்டும் புரிந்துகொண்டால் மீதி தானாக வரும். படிக்கட்டின் கண்ணாடிக் கூரை இதில்தான் மிக இயல்பாக வந்தது. எதையும் கூட்டிக் குறைக்காமலே.

லுமினன்ஸ் எச்டிஆர் வேறு வகை. மான்டியுக், ஃபத்தால், டிராகோ, டுராண்ட், ரைன்ஹார்ட் என்று அந்தந்த முறையைக் கண்டுபிடித்த ஆய்வாளர்களின் பெயரிலேயே பத்துக்கு மேற்பட்ட டோன் மேப்பிங் முறைகளை வரிசையாக வைத்திருக்கிறது. தினசரி வேலைக்கு நான் இதைத் திறப்பதில்லை. ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரே கோப்பை ரைன்ஹார்டிலும் ஃபத்தாலிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். முதலாவது ஃபிலிமில் அச்சிட்டது போல அடக்கமாக இருக்கும். இரண்டாவது ஒவ்வொரு செங்கல்லையும் இழுத்து முன்னால் நிறுத்தும். வளையம் எங்கிருந்து வருகிறது, வரிசை எப்போது கெடுகிறது என்று என் கண் பழகியது இங்கேதான்.

நிக் தொகுப்பிலுள்ள எச்டிஆர் எஃபெக்ஸ், ஆரோரா இரண்டையும் பலர் கேட்கிறார்கள். இரண்டிலும் நான் நல்ல படங்கள் செய்திருக்கிறேன். அவற்றின் வரலாற்றையும் சேர்த்துப் பாருங்கள். நிக் நிறுவனத்தை 2012இல் கூகுள் வாங்கியது, 2016இல் தொகுப்பை இலவசமாக்கியது, 2017இல் டிஎக்ஸ்ஓ வாங்கி மறுபடியும் விலைக்குக் கொண்டுவந்தது. ஆரோரா 2015இல் வந்தது, 2019 பதிப்புக்குப் பிறகு அடுத்தது வரவில்லை. அதே நிறுவனத்தின் லுமினாரில் இப்போது எச்டிஆர் இணைப்பு இருக்கிறது. மென்பொருளின் தலைவிதி நம் கையில் இல்லை. அதனால் தன்னுடைய கோப்பு வடிவத்தில் மட்டுமே சேமிக்கும் எதையும் நான் இப்போது தொடுவதில்லை. ஒரு மென்பொருளின் சந்தா முடிந்த மறுநாள் என் இருபத்து மூன்று படங்களின் திருத்தக் கோப்புகள் திறக்க மறுத்தன. ராக்கள் இருந்தன, செய்த வேலை போனது. டிஎன்ஜி, 32 பிட் டிஃப், ஓப்பன்இஎக்ஸ்ஆர் இதில் ஏதாவது ஒன்றில் வெளியே எடுக்க முடிகிறதா என்று சோதனைப் பதிப்பிலேயே பார்த்துவிடுங்கள்.

இப்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. புதிய கைப்பேசிகளிலும் மானிட்டர்களிலும் எச்டிஆர் என்றால் நிஜமாகவே அதிகப் பிரகாசம் காட்டும் திரை என்று அர்த்தம். 2023இல் ஆண்ட்ராய்டு 14 அப்படிப்பட்ட படங்களுக்கு ஆதரவு கொண்டுவந்தது. அதே ஆண்டு லைட்ரூமிலும் அந்தத் திரைகளுக்கென்று திருத்தும் வசதி வந்தது. அங்கே வெளிச்சத்தை அவ்வளவாக மடக்க வேண்டியதில்லை. ஜன்னல் ஜன்னலாகவே ஒளிரும். என் ஜன்னல் அறையை அப்படி ஒரு திரையில் பார்த்தபோது கண்ணைச் சுருக்கத் தோன்றியது. அச்சுக்கும் சாதாரணத் திரைக்கும் மட்டும் செய்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டுக்கும் செய்பவர்கள் அந்த மிதவைப் புள்ளி டிஎன்ஜியைப் பத்திரமாக வைத்திருந்தால், பிறகு எந்தப் பக்கமும் போகலாம்.

என் கணினியில் கடைசியில் தங்கியவை மூன்று. அசையாத அறைகளுக்கு லைட்ரூம். எண்ணிக்கை அதிகமான வேலைக்கும் ஆடும் திரைச்சீலைக்கும் போட்டோமேட்டிக்ஸ். கையில் எடுத்ததைப் பொறுமையாகச் சீர் செய்ய அஃபினிட்டி. காசு செலவழிக்காமல் தொடங்குபவர் யார் கேட்டாலும் எச்டிஆர்மெர்ஜும் ராதெரப்பியும் போட்டுக்கொள்ளுங்கள், கூடவே ஹுகின் இருக்கட்டும் என்கிறேன். அவற்றை விட்டு வெளியே வரவே தேவைப்படாத பலரை எனக்குத் தெரியும்.

கடற்கரைத் தொகுப்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஒரு மென்பொருளும் அதைச் சரியாக இணைக்கவில்லை. ஆவி நீக்கத்தை அதிகத்தில் வைத்தால் நுரை திட்டுத் திட்டாக வெட்டுப்படுகிறது, குறைத்தால் மூன்று அலை ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது. 1850களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லு கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து, அடிவானத்தில் சேர்த்து அச்சிட்டார். கடைசியில் நானும் அதைத்தான் செய்தேன். வானம் 1/250 படத்திலிருந்து, கடல் முழுக்க 1/60 படத்திலிருந்து, இரண்டு லேயர், நடுவில் மென்மையாகத் தேய்த்த ஒரு மாஸ்க். அடிவானத்துக்கு மேலே ஒரு பாய்மரத்தின் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி மாஸ்க்கை இன்னும் சின்னப் பிரஷ்ஷால் சரி செய்துகொண்டிருக்கிறேன்.